தம்பானூர் வழியே ஒரு வால்வின் வரலாறு: இந்திய இதயவியலும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும்

இந்திய இதய மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் ‘முதல்’களின் பட்டியலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1954இல் தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் எஸ். பத்மாவதி அமைத்த இதய வடிகுழாய் ஆய்வகம். 1961இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் என். கோபிநாத் செய்த திறந்த இதய அறுவை. 1968 பிப்ரவரியில் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பி.கே. சென் செய்த இதய மாற்று அறுவை. 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே.எம். செரியன் செய்த பைபாஸ் அறுவை. 1986இல் சென்னை அப்போலோவில் மேத்யூ சாமுவேல் களரிக்கல் செய்த ஆஞ்சியோபிளாஸ்டி. 1994 ஆகஸ்டில் தில்லி எய்ம்ஸில் பி. வேணுகோபால் வெற்றிகரமாகச் செய்த இதய மாற்று அறுவை. பாடநூல்களும் இரங்கல் கட்டுரைகளும் இந்த வரிசையையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

இந்தச் சாதனைகள் யாவும் மெய்யானவை. எனினும் ஓர் அறுவை முதன்முறை வெற்றி பெற்ற நாளுக்கும், அதே அறுவை ஒரு கூலித் தொழிலாளியின் மகளுக்கு எட்டும் நாளுக்கும் இடையில் பல பத்தாண்டுகள் கிடக்கின்றன. அந்த இடைவெளியில் நிகழ்ந்தவற்றை முதல்களின் பட்டியல் சொல்வதில்லை. அறுவையாளர் இருந்தார், அறுவைக்கூடமும் இருந்தது, ஆனால் நோயாளியின் நெஞ்சுக்குள் பொருத்த வேண்டிய பொருள் வெளிநாட்டில் செய்யப்பட்டு, வெளிநாட்டு விலையில் வந்தது. இந்தத் தடையை எதிர்கொண்ட விதத்தில்தான் திருவனந்தபுரத்தின் வரலாறு தனித்து நிற்கிறது.

*

1. தம்பானூரும் நோயாளிகளின் நிலவியலும்

திருவனந்தபுரம் மத்திய ரயில் நிலையமும், கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பேருந்து நிலையமும் தம்பானூரில் எதிரெதிரே அமைந்துள்ளன. 1931இல் ரயில் பாதை இங்கு வரை நீட்டிக்கப்பட்டதிலிருந்து திருவிதாங்கூர்த் தலைநகரின் வாசல் தம்பானூர்தான். கொல்லம், பத்தனம்திட்டை, ஆலப்புழை ஆகிய பகுதிகளிலிருந்து மட்டுமல்லாது, நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், திருநெல்வேலி ஆகிய ஊர்களிலிருந்தும் மருத்துவம் தேடி வருவோர் இங்கேயே இறங்குகின்றனர். நகரின் வடபகுதியிலுள்ள மருத்துவக் கல்லூரி வளாகத்திற்கு இங்கிருந்து மற்றொரு பேருந்து ஏற வேண்டும்.

இந்த வழித்தடத்திற்கு ஓர் அரசியல் வரலாறு உண்டு. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்தவை. அவை சென்னை மாகாணத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமான பின்னரும், அப்பகுதி மக்களுக்குப் பெரிய மருத்துவமனை என்றால் அது திருவனந்தபுரம்தான். 1979இல் திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி ரயில் பாதை திறக்கப்பட்டபோது இந்தத் தொடர்பு மேலும் இறுகியது. மாநில எல்லை மொழியின் அடிப்படையில் வரையப்பட்டது. நோயாளிகள் அந்த எல்லையைத் தினமும் கடந்தனர்.

1951இல் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட காலத்தில் இவ்வழியே வந்த இதய நோயாளிகளில் பலர் இளையோர். அவர்களைத் தாக்கியது முதுமையில் வரும் மாரடைப்பு அன்று. சிறு வயதில் தொண்டையில் தொடங்கி இதயத்தில் முடியும் ருமாட்டிக் காய்ச்சல்.

*

2. வறுமையின் இதய நோய்

ருமாட்டிக் காய்ச்சலின் போக்கு எளிமையானது, அதனால்தான் கொடுமையானதும்கூட. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரி குழந்தையின் தொண்டையில் அழற்சியை உண்டாக்குகிறது. அதை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதங்கள், நுண்ணுயிரிக்கும் இதயத் திசுவுக்கும் உள்ள ஒப்புமையால் ஏமாந்து, இதய வால்வுகளையே தாக்கத் தொடங்குகின்றன. சில வாரங்களில் மூட்டு வலியும் காய்ச்சலும் தணிந்துவிடும். வால்வில் விழுந்த காயம் தணிவதில்லை. ஒவ்வொரு முறை தொற்று திரும்பும்போதும் வால்வின் இதழ்கள் தடித்து, ஒட்டிக்கொண்டு, சுருங்கிப் போகின்றன. நெருக்கமான வீடுகள், காற்றோட்டமின்மை, எட்டாத மருத்துவம் ஆகியவை இந்நோயின் தோழர்கள்.

மேலைநாடுகளில் ஈரிதழ் வால்வுச் சுருக்கம் நடுவயதினரின் நோயாகக் கருதப்பட்டது. இந்தியாவில் அது இருபது வயதுக்குட்பட்டோரிடமே முற்றிய நிலையில் காணப்பட்டது. தில்லி எய்ம்ஸின் சுஜய் பி. ராயும் அவர்தம் குழுவினரும் 1963இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரை இந்த வேறுபாட்டை உலக மருத்துவர்களின் கவனத்திற்குக் கொண்டு சென்றது. இந்தியாவின் இதயவியல், பாடநூலில் எழுதப்பட்ட நோயிலிருந்து வேறுபட்ட ஒரு நோயை எதிர்கொண்டிருந்தது என்பதே அக்கட்டுரையின் உட்பொருள்.

சுருங்கிய வால்வை விரிக்க அக்காலத்தில் ஒரு மலிவான வழி இருந்தது. மார்பைத் திறந்து, துடிக்கும் இதயத்தின் மேலறைக்குள் அறுவையாளர் தம் விரலையோ விரிப்புக் கருவியையோ செலுத்தி, ஒட்டிய இதழ்களைப் பிரிப்பார். இதய-நுரையீரல் இயந்திரம் இதற்குத் தேவையில்லை. 1948இல் ரீவ் பெட்ஸ் வேலூருக்கு வந்து மார்பு அறுவைத் துறையைத் தொடங்கிய பின்னர், இத்தகைய அறுவைகள் தென்னிந்தியாவில் வேரூன்றின. 1980களில் ஜப்பானின் கான்ஜி இனோவே வடிவமைத்த பலூன், மார்பைத் திறக்காமலேயே இதே பணியைச் செய்தது.

ஆனால் சுண்ணாம்பேறி இறுகிய வால்வையும், மூடாமல் கசியும் வால்வையும் விரிப்பதால் பயனில்லை. அவற்றை அகற்றிச் செயற்கை வால்வைப் பொருத்தியாக வேண்டும். 1952இல் அமெரிக்காவின் சார்லஸ் ஹஃப்னகல் முதல் செயற்கை வால்வை மனித உடலில், இறங்கு மகாதமனியில், பொருத்தினார். 1960இல் ஸ்டார்-எட்வர்ட்ஸ் பந்து வால்வும், அப்பத்தாண்டின் இறுதியில் பியார்க்-ஷைலி சாய்வட்டு வால்வும் வந்தன. இந்தியாவில் இவை அந்நியச் செலாவணி கொடுத்து இறக்குமதி செய்யப்பட வேண்டியவை. யாருக்கு அதிகம் தேவைப்பட்டதோ அவர்களால்தான் வாங்க முடியவில்லை. வறுமை தந்த நோய்க்குச் செல்வம் கேட்கும் மருந்து என்னும் முரண் இங்கே தெளிவாகத் தெரிகிறது.

*

3. ஒரு கட்டடமும் ஓர் அரண்மனையும்

1973இல் திருவிதாங்கூர் அரச குடும்பம், மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ஒரு பலமாடிக் கட்டடத்தைக் கேரள மக்களுக்கும் அரசுக்கும் கொடையாக அளித்தது. முன்னாள் மன்னர் சித்திரைத் திருநாள் பாலராம வர்மாவின் பெயரால் அதில் ஒரு மருத்துவ மையம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. அப்போதைய முதலமைச்சர் சி. அச்சுத மேனன், இன்னொரு பொது மருத்துவமனைக்குப் பதிலாக உயர்நிலைச் சிகிச்சையும் ஆய்வும் இணைந்த ஒரு நிறுவனம் உருவாக வேண்டும் என்ற கருத்துக்கு ஆதரவளித்தார். அதற்குத் தலைமை ஏற்க அழைக்கப்பட்டவர் எம்.எஸ். வலியத்தான்.

1934இல் மாவேலிக்கரையில் பிறந்த வலியத்தான், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் தொடக்கக் கால மாணவர்களுள் ஒருவர். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்று, பின் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலும், ஹஃப்னகல் பணியாற்றிய ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்திலும் இதய அறுவையில் பயிற்சி பெற்றவர். செயற்கை வால்வு முதன்முதலில் உருப்பெற்ற சூழலை அருகிலிருந்து கண்டவர் என்பது பின்னாளைய நிகழ்வுகளுக்கு முக்கியமானது. வால்வு என்பது வானிலிருந்து விழும் பொருளன்று. ஒரு பட்டறையில், உலோகம் அறிந்தவரும் இரத்தம் அறிந்தவரும் சேர்ந்து செய்யும் பொருள் என்பதை அவர் அறிந்திருந்தார்.

1976இல் பி.என். ஹக்சர் மருத்துவ மையத்தைத் திறந்துவைத்தார். உள்நோயாளிச் சிகிச்சை தொடங்கியது. அதையடுத்து, பூஜப்புரையிலுள்ள சாத்தல்மண்ட் அரண்மனையும் அரச குடும்பத்தின் கொடையாக வந்து சேர்ந்தது. 1924 முதல் 1931 வரை திருவிதாங்கூரை ஆண்ட ரீஜென்ட் மகாராணி சேது லட்சுமி பாயின் இருப்பிடமாக இருந்த அந்த அரண்மனை, உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவாக மாறியது. நகரின் ஒரு பகுதியில் மருத்துவமனை, இன்னொரு பகுதியில் ஆய்வகமும் பட்டறையும். இரண்டும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கின.

1980இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் வழியே இது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. அதன் பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது: ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம். மருத்துவமும் தொழில்நுட்பமும் ஒரே பெயரில் இணைந்தன. சுகாதார அமைச்சகத்தின் கீழ் அமையாமல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் அமைந்ததும் தற்செயலன்று. மருத்துவமனை நோயாளிகளை எண்ணி நிதி பெறுகிறது. ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகள் பலன் தராத முயற்சிகளுக்கும் நிதி பெற முடியும். தோல்வியைத் தாங்கும் காலம் இந்த அமைப்பு முறையில்தான் கிடைத்தது. அந்தக் காலம் விரைவிலேயே தேவைப்பட்டது.

*

4. நான்காவது வடிவம்

மனித இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஓராண்டில் ஏறத்தாழ நான்கு கோடி. ஒவ்வொரு துடிப்பிலும் வால்வு ஒருமுறை திறந்து மூட வேண்டும். பழுதுபார்க்கக் கழற்ற முடியாத, ஓய்வே இல்லாத, ஒருமுறை தவறினால் உயிரைப் பறிக்கும் ஓர் இயந்திர உறுப்பு அது. மேலும் அதன் பரப்பில் இரத்தம் உறையக்கூடாது. அதன் அசைவில் இரத்த அணுக்கள் நசுங்கக்கூடாது. அதன் பொருள் உடலில் கரையக்கூடாது.

1970களின் இறுதியில் தொடங்கிய சித்ரா வால்வுத் திட்டத்தில் மருத்துவர்களோடு ஜி.எஸ். புவனேஷ்வர் முதலிய பொறியாளர்கள் கைகோத்தனர். பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகம் போன்ற அமைப்புகளின் உதவியும் நாடப்பட்டது. வானூர்திக்கும் இதயத்துக்கும் பொதுவான சிக்கல் ஒன்றே: கோடிக்கணக்கான அழுத்தச் சுழற்சிகளுக்குப் பின்னும் உலோகம் சோர்ந்து முறியாதிருத்தல்.

தேர்ந்தெடுத்த வடிவம் சாய்வட்டு வால்வு. ஒரு உலோகச் சட்டகத்துக்குள் ஒரு வட்டத் தட்டு சாய்ந்து திறந்து, மீண்டும் அமர்ந்து மூடும். பார்வைக்கு எளிய இந்த அமைப்பு மூன்று முறை தோற்றது. தொடக்க வடிவத்தில் சட்டகத்தின் தாங்குகம்பி பற்றவைத்த இடத்தில் முறிந்தது. அடுத்து, மிகக் கடினமான செயற்கை நீலக்கல்லால் தட்டு செய்யப்பட்டது. அதன் கடினம் டைட்டானியச் சட்டகத்தைத் தேய்த்தது. சட்டகத்தை வலிமையான கலப்புலோகத்துக்கு மாற்றியபோது, செம்மறியாட்டின் உடலில் பொருத்திய வால்வின் நீலக்கல் தட்டு உடைந்தது. கடினம் என்பதும் உறுதி என்பதும் ஒன்றல்ல என்னும் பாடத்தைப் பெறப் பல ஆண்டுகள் செலவாயின.

நான்காவது வடிவத்தில் இரண்டு தீர்வுகள் இணைந்தன. கோபால்ட் அடிப்படையிலான ஹெய்ன்ஸ்-25 கலப்புலோகத்தின் ஒரே துண்டிலிருந்து சட்டகம் முழுவதும் கடைந்தெடுக்கப்பட்டது. பற்றவைப்பே இல்லாததால் பற்றவைப்பு முறியும் அச்சமும் இல்லை. தட்டுக்கு, செயற்கை இடுப்பு மூட்டுகளில் ஏற்கெனவே பயன்பட்டு வந்த மீவுயர் மூலக்கூற்றெடைப் பாலிஎத்திலீன் தேர்ந்தெடுக்கப்பட்டது. உலோகத்தோடு மோதும்போது அது அதிர்ச்சியை உள்வாங்கியது, தேயவில்லை, நொறுங்கவும் இல்லை. தையல் வளையம் பாலியெஸ்டர் துணியால் ஆனது. ஆய்வகத்தில் விரைவுபடுத்திய சோதனையில் 35 கோடிக்கும் மேற்பட்ட சுழற்சிகளை இந்த வால்வு தாங்கியது.

இதே காலத்தில் உலகின் மறுமூலையில் நடந்ததை இங்கு ஒப்புநோக்குவது தகும். பியார்க்-ஷைலி வால்வின் குவி-குழி வகை, பற்றவைத்த தாங்குகம்பி முறிந்து பல நோயாளிகளின் உயிரைப் பறித்ததால் 1986இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. மிக முன்னேறிய தொழில்நாட்டின் வால்வும், பூஜப்புரை அரண்மனையின் முதல் வடிவமும் ஒரே வகை இடத்தில்தான் முறிந்தன. வேறுபாடு, முறிவு எப்போது கண்டறியப்பட்டது என்பதில் இருக்கிறது. ஒன்று ஆயிரக்கணக்கான மனிதர்களுக்குப் பொருத்திய பின்னர் முறிந்தது. மற்றொன்று மனிதர்க்குப் பொருத்தும் முன்னரே முறிந்து கைவிடப்பட்டது. தொழில்நுட்பத்தில் பின்தங்கிய நாடு என்னும் அடையாளத்தை மறுபரிசீலனை செய்ய இந்த ஒப்பீடு உதவும்.

1990 டிசம்பர் 6 அன்று சித்ரா வால்வு முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. 1995 ஜனவரி வரை ஆறு மருத்துவமனைகளில் 306 நோயாளிகளுக்குச் சோதனை முறையில் பொருத்தி, தொடர்ந்து கண்காணித்தனர். அவர்களில் 205 பேருக்கு ஈரிதழ் வால்வும், 101 பேருக்கு மகாதமனி வால்வும் மாற்றப்பட்டன. இந்த விகிதமே ருமாட்டிக் நோயின் கையெழுத்தாகும். அந்நோய் அதிகம் சிதைப்பது ஈரிதழ் வால்வைத்தான். பின்னர் சென்னையின் டி.டி.கே. குழுமம் தொழில்நுட்பத்தைப் பெற்று, திருவனந்தபுரத்திலேயே வால்வைத் தயாரிக்கத் தொடங்கியது. இறக்குமதி வால்வுகளை விடக் குறைந்த விலைக்குக் கிடைத்த இந்த வால்வு, இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தப்பட்டுள்ளது. இதே நிறுவனம் உருவாக்கிய இரத்தப் பையும் திருவனந்தபுரத்தில் ஒரு தொழிலகமாக வளர்ந்து, கண்ணாடிப் புட்டிகளில் இரத்தம் சேமித்த காலத்தை முடித்துவைக்க உதவியது.

*

5. வால்வு பொருத்திய பின்

வெற்றிக் கதைகள் வழக்கமாக இங்கே முடிந்துவிடும். நோயாளியின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

இயந்திர வால்வு பொருத்தப்பட்டவர் வாழ்நாள் முழுதும் இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்ள வேண்டும். மருந்து குறைந்தால் வால்வில் இரத்தம் உறைந்து தட்டு அசைவற்று நிற்கும். அல்லது உறைகட்டி மூளைக்குச் சென்று பக்கவாதம் வரும். மருந்து மிகுந்தால் உள்ளே இரத்தம் கசியும். சரியான அளவு ஆளுக்கு ஆள் மாறும். உணவுக்கும் பிற மருந்துகளுக்கும் ஏற்ப ஒரே ஆளிடமும் மாறும். ஆகவே குறித்த இடைவெளியில் இரத்தச் சோதனை செய்து அளவைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். வால்வின் விலை ஒருமுறை கொடுக்க வேண்டியது. பேருந்துக் கட்டணமும் இழந்த நாள்கூலியும் ஆயுள் முழுவதும் கொடுக்க வேண்டியவை. தம்பானூரில் இறங்கிப் பரிசோதனைச் சீட்டோடு அடுத்த பேருந்துக்கு நிற்பவர், வால்வின் வரலாற்றில் அதைக் கடைந்த பொறியாளருக்கு இணையான இடம் பெற வேண்டியவர்.

பெண்களின் நிலை இன்னும் கடினமானது. ருமாட்டிக் ஈரிதழ் நோய் பெண்களிடம் மிகுதி. அறுவை செய்யப்படும் வயதோ பலருக்குத் திருமண வயதை ஒட்டியது. உறைவுத் தடுப்பு மருந்தான வார்ஃபரின் கருவைப் பாதிக்கக்கூடியது. நிறுத்தினால் தாயின் வால்வு அடைபடக்கூடும். விலங்குத் திசுவால் ஆன வால்வுக்கு இந்த மருந்து நெடுங்காலம் தேவையில்லை. ஆனால் இளவயதினரிடம் அது விரைவில் சிதைந்து, மறு அறுவையைக் கேட்கும். ஓர் இளம்பெண்ணுக்கு எந்த வால்வு என்னும் முடிவு அவள் பிள்ளைப்பேறு, குடும்பத்தின் வருவாய், ஊரின் தூரம் ஆகியவற்றைச் சேர்த்தே எடுக்கப்படும் முடிவாகும். இந்திய இதயவியலின் சமூக வரலாற்றில் இன்னும் போதுமான அளவு எழுதப்படாத பகுதி இது.

இதற்கெல்லாம் முந்தைய நிலையில் நிற்பது பெனிசிலின். தொண்டை அழற்சியை உரிய நேரத்தில் குணப்படுத்தினால் ருமாட்டிக் காய்ச்சல் வராமல் தடுக்கலாம். ஒருமுறை வந்தவருக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சத்தீன் பெனிசிலின் ஊசி போட்டால் வால்வு மேலும் சிதைவதைத் தடுக்கலாம். வால்வின் தேவையையே குறைக்கும் ஆற்றல் கொண்ட அந்த ஊசிக்குத் திறப்பு விழாவும் இல்லை, முதல் நோயாளியின் புகைப்படமும் இல்லை. ஆகவே முதல்களின் பட்டியலில் அதற்கு இடமும் இல்லை.

*

6. காரணம் தெரியாமல் மறைந்த நோய்

திருவனந்தபுரத்தின் இதயவியலுக்கு மற்றுமொரு தனித்த கேள்வி இருந்தது. 1948இல் உகாண்டாவில் ஜே.என்.பி. டேவிஸ் விவரித்த எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ் என்னும் நோய், கேரளக் கடலோரத்திலும் காணப்பட்டது. இந்நோயில் இதயத்தின் உட்சுவரில் தழும்புத் திசு படிந்து, இதயம் விரிந்து இரத்தத்தை ஏற்க முடியாமல் போகும். வயிறு நீர்கோத்து வீங்கும். பெரும்பாலும் ஏழைக் குடும்பங்களின் சிறாரையும் இளையோரையும் அது தாக்கியது.

வலியத்தானும் சி.சி. கர்த்தாவும் அவர்தம் குழுவினரும் இதற்கு ஒரு புவிவேதியியல் விளக்கத்தை முன்வைத்தனர். சவறை முதல் மணவாளக்குறிச்சி வரையிலான கடற்கரை மணலில் மோனசைட் கனிமம் நிறைந்துள்ளது. அதில் தோரியமும் சீரியமும் உண்டு. சீரியம் மண்ணிலிருந்து கிழங்குகளுக்கும், கிழங்குகளிலிருந்து உடலுக்கும் செல்கிறது. ஊட்டக்குறைவால் மக்னீசியம் குறைந்த உடலில் அது இதயத் திசுவைத் தூண்டித் தழும்பாக்குகிறது என்பது அவர்கள் கருதுகோள். மரச்சீனிக் கிழங்கே முதன்மை உணவாயிருந்த ஏழைகளை இந்நோய் ஏன் தாக்கியது என்பதற்கு அது ஒரு விடையாக அமைந்தது. ஒட்டுண்ணித் தொற்று, வெள்ளணுப் பெருக்கம் முதலிய வேறு கருதுகோள்களும் உலவின. எதுவும் இறுதியாக நிறுவப்படவில்லை.

இதற்கிடையில் நோயே அருகிவிட்டது. கேரளத்தில் உணவும் குடியிருப்பும் கல்வியும் மேம்பட்ட பத்தாண்டுகளில் புதிய இளம் நோயாளிகள் குறைந்துபோயினர். மருத்துவம் காரணத்தைக் கண்டுபிடிக்கும் முன்னரே சமூகம் அதை அகற்றிவிட்டது எனலாம். இதயவியலின் வரலாற்றை மருத்துவமனைச் சுவர்களுக்குள் மட்டும் எழுத முடியாது என்பதற்கு இதைவிடத் தக்க சான்று அரிது.

*

7. புதிய நோய், பழைய கேள்வி

ஏழ்மையின் நோய்கள் பின்வாங்கிய இடத்தை மாரடைப்பும் சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமும் நிரப்பின. இந்த மாற்றத்தை ஸ்ரீ சித்ரா நிறுவனம் தன் அமைப்பிலேயே பதிவு செய்தது. 1992இல் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டி, 2000 ஜனவரி 30 அன்று முரளி மனோகர் ஜோஷி நாட்டுக்கு அர்ப்பணித்த பொதுச் சுகாதார ஆய்வு மையத்துக்கு அச்சுத மேனனின் பெயர் சூட்டப்பட்டது. மருத்துவமனை, பட்டறை ஆகிய இரண்டோடு மக்கள்தொகையை ஆராயும் மூன்றாவது பிரிவு சேர்ந்தது.

மாநில அளவிலும் இதயவியலாளர்கள் எண்ணத் தொடங்கினர். 2007 முதல் 2009 வரை கேரளத்தின் 125 மருத்துவமனைகளில் மாரடைப்பும் அதைச் சார்ந்த நிலைகளுமாக அனுமதிக்கப்பட்ட 25,748 நோயாளிகளின் விவரங்கள் ஒரே பதிவேட்டில் திரட்டப்பட்டன. வழிகாட்டு நெறிகள் சொல்லும் சிகிச்சைக்கும் நடைமுறைச் சிகிச்சைக்கும் உள்ள தொலைவை அது காட்டியது. அந்தத் தொலைவைக் குறைக்க 63 மருத்துவமனைகளில் 21,374 நோயாளிகளிடம் நடத்திய அடுத்த ஆய்வின் முடிவு 2018இல் வெளியாயிற்று. சரிபார்ப்புப் பட்டியல்கள் போன்ற கருவிகளால் மட்டும் முப்பது நாள் பாதிப்புகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்பதே அம்முடிவு. எதிர்பார்த்த பலன் கிட்டாத ஆய்வும் ஆய்வே. நீலக்கல் தட்டு உடைந்த கதையின் தொடர்ச்சியாகவே அதனைப் பார்க்க வேண்டும்.

பொருளின் விலை என்னும் பழைய கேள்வியும் திரும்பி வந்தது. இம்முறை அதன் பெயர் ஸ்டென்ட். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாயும், வெறும் உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாயும் உச்ச விலையாக அறிவித்தது. 1970களில் அரசு அளித்த விடை ‘நாமே செய்வோம்’ என்பது. 2017இல் அளித்த விடை ‘விலையைக் கட்டுவோம்’ என்பது. இரண்டுமே பொதுநலன் கருதியவை. ஆனால் முதல் விடை விலையைக் குறைத்ததோடு அறிவையும் உள்நாட்டில் விட்டுச் சென்றது; உலோகம் கடையவும், பொருளைச் சோதிக்கவும், விலங்கு ஆய்வு நடத்தவும், நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடரவும் தெரிந்த ஒரு தலைமுறையை உருவாக்கியது. இரண்டாம் விடை ஓர் ஆணையால் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தது. முதல் விடைக்குப் பன்னிரண்டு ஆண்டுகளும் மூன்று தோல்விகளும் தேவைப்பட்டன.

*

8. வரலாற்று மாணவர்க்கான பணி

வலியத்தான் 2024 ஜூலையில் மறைந்தார். அவரை மையமாக்கி எழுதப்படும் வரலாறு இயல்பானதே. எனினும் அதுவும் முதல்களின் பட்டியலாகச் சுருங்கிவிடும் இடர் உண்டு. அரச குடும்பத்தின் கொடை, இடதுசாரி முதலமைச்சரின் ஆதரவு, மத்திய அரசின் சட்டம், அமெரிக்கப் பயிற்சி, பெங்களூரின் உலோக அறிவு, சென்னையின் தொழில் முதலீடு ஆகியவை ஒன்றுசேர்ந்த ஓர் அரிய தருணத்தின் விளைவாகவே சித்ரா வால்வு அமைந்தது. இவற்றுள் ஏதேனும் ஒன்று விலகியிருந்தால் மூன்றாவது தோல்வியிலேயே திட்டம் மூடப்பட்டிருக்கக்கூடும்.

கைவிடப்பட்ட வடிவங்களின் வரைபடங்கள், சோதனை இயந்திரங்களின் நாட்குறிப்புகள், விலங்கு ஆய்வகத்தின் பதிவேடுகள், வால்வு பொருத்திய நோயாளிகளின் தொடர் பரிசோதனை அட்டைகள் ஆகியவை தேடித் தொகுக்கப்பட வேண்டும். இவற்றோடு முதல் தலைமுறை வால்வு நோயாளிகளின் வாய்மொழி வரலாறும் மலையாளத்திலும் குமரி மாவட்டத் தமிழிலும் பதிவாக வேண்டும். 1990களில் இருபது வயதில் வால்வு பெற்றவர் இன்று ஐம்பதைக் கடந்திருப்பார். அவர் நெஞ்சில் அந்தத் தட்டு இதற்குள் நூறு கோடி முறைக்கு மேல் திறந்து மூடியிருக்கும். அவர்களின் குரல்களைப் பதிவு செய்ய எஞ்சியிருக்கும் காலம் அதிகமில்லை.